கடலுக்குள் அடித்தால் அவுட்: உச்ச லெவல் ஸ்கில்லை எங்கே வெட்டுவது?

போன மாதம் ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுத் தம்பி போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தான். நாங்கள் ஆறு பேர் ஒரு குழுவாக ஒன்லைன் கேம் ஒன்று விளையாடுகிறோம். எல்லோரும் திருகோணமலைப் பக்கம்தான்: உப்புவெளியில் நான்கு பேர், கிண்ணியாவில் ஒரு நண்பர், மூதூரில் ஒரு அக்கா. தம்பிதான் எங்கள் தீ மந்திரவாதி.

"அண்ணா, இங்கே பாருங்கோ, வெட்டிப்போட்டாங்கள்."

திரையில் தீமழை ஸ்கில்லின் சிவப்புப் படம் இருந்தது. அதன் கீழே, நேற்றுவரை 340 சதவீத டேமேஜ் (எதிரிக்கு விழும் அடி) என்று இருந்த இடத்தில் 210 என்று இருந்தது. மற்றபடி ஒரு எழுத்தும் மாறவில்லை. கேமில் செய்த மாற்றங்களைச் சொல்லும் பேட்ச் குறிப்பைத் தேடிப் பார்த்தோம். சமநிலைக்காகக் குறைத்திருக்கிறோம் என்று ஒரே ஒரு வரி. அந்த ஸ்கில்லைத் திறக்க லெவல் 80 வரை போக வேண்டும். அதற்கு ஏற்ற அங்கி, கோல், மோதிரம் எல்லாம் சேர்க்க அவனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவன் கோபம் நியாயமானது. அதே நேரம், ஏதோ ஒன்றை வெட்டத்தான் வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் குழுவிலேயே அதன் பாதிப்பை நான் பார்த்திருந்தேன்.

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று அவனுக்கு விளங்கப்படுத்த உட்கார்ந்தேன். அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தீமழை 1000 டேமேஜ் அடிக்கிறது என்று வையுங்கள். 30 சதவீதம் கூட்டுகிற பஃப் (கொஞ்ச நேரத்துக்குப் பலம் தரும் துணை ஸ்கில்) ஒன்று கிடைத்தால் 1300. இன்னொரு 30 சதவீதம் வந்தால் 1600 என்றுதான் மனம் சொல்லும். ஆனால் பல கேம்களில் வேறு வேறு இடத்திலிருந்து வரும் பஃப்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. ஆக 1690. மூன்றாவதோடு 2197, நான்காவதோடு 2856, ஐந்தாவதோடு 3713. முதல் பஃப் தந்தது 300, ஐந்தாவது பஃப் தந்தது 857. இரண்டின் விளக்கத்திலும் "30 சதவீதம்" என்றுதான் எழுதியிருக்கும்.

லெவல் 10இல் இந்தப் பிரச்சினையே இல்லை. கையில் ஒரு வாளும் ஒரு ஸ்கில்லும்தான். லெவல் 80இல் ஒருவரிடம் 20 ஸ்கில் இருக்கிறது. ஆறு பேர் சேர்ந்தால் 120. அவற்றில் இரண்டிரண்டாக எத்தனை சோடி சேர்க்கலாம் என்று கணக்குப் பார்த்தால் 7140 வரும். இது சோடிகள் மட்டும்தான், மூன்று நான்காகச் சேர்வதை இன்னும் எண்ணவே இல்லை. கேமை உருவாக்குகிறவர்கள் ஒவ்வொரு ஸ்கில்லையும் தனியாக வைத்துச் சோதிப்பார்கள், முக்கியமான சில சேர்க்கைகளையும் பார்ப்பார்கள். 7140ஐயும் பார்க்க எந்த நிறுவனத்துக்கும் நேரம் கிடையாது. வெளியிட்ட முதல் கிழமையிலேயே ஆயிரக்கணக்கான ஆட்கள் சேர்ந்து அந்த வேலையைச் செய்து முடித்துவிடுவார்கள்.

கணினித் திரைக்கு வெளியிலேயே இது தொடங்கிவிட்டது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தாளும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம். அதில் மந்திரவாதியின் தீப்பந்து, அவருடைய லெவல் எத்தனையோ அத்தனை பகடை டேமேஜ் அடிக்கும். லெவல் ஏற ஏற ஒரு நாளைக்கு வீசக்கூடிய மந்திரங்களின் எண்ணிக்கையும் கூடும். ஆக ஒவ்வொரு பந்தும் பெரிதாகிறது, பந்துகளும் கூடுகின்றன. போர்வீரனோ லெவலுக்கு லெவல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளருவான். வீரன் நேர்கோட்டில் போகிறான், மந்திரவாதி வர்க்கத்தில் போகிறான் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். அரை நூற்றாண்டு கழிந்தும் அதே வழக்கு இன்னும் முடியவில்லை.

எவர்குவெஸ்ட் விளையாட்டில் 2003இல் நடந்த ஒரு சம்பவத்தைத் தம்பிக்குச் சொன்னேன், கண் விரியக் கேட்டான். கெராஃபிர்ம் என்ற டிராகனை யாராலும் கொல்ல முடியாது என்ற எண்ணத்தில்தான் வைத்திருந்தார்கள். ஒரு சேர்வரில் ஏறத்தாழ 200 பேர் ஒன்றுகூடி மணிக்கணக்கில் அடித்தார்கள். விழுந்தவர்களை மதகுருக்கள் திரும்பத் திரும்ப உயிர்ப்பித்துக்கொண்டே இருந்தார்கள். டிராகனின் உயிர் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து நிறுவனமே தலையிட்டு ஆட்டத்தை நிறுத்தியது. பிறகு அது பிழை என்று ஒப்புக்கொண்டு மறுபடி விளையாட விட்டது, அவர்கள் கொன்றும் விட்டார்கள். அங்கே எந்தத் தனி ஸ்கில்லும் அளவுக்கு மீறியதாக இருக்கவில்லை. உயிர்ப்பித்தலும் ஆள் எண்ணிக்கையும் சேர்ந்ததுதான் அந்த டிராகனை விழுத்தியது.

சரி, இனி சதவீதம். உச்ச லெவலில் மனிதரை ஏமாற்றுகிற எண் இதுதான்.

கூல்டவுனை, அதாவது ஒருமுறை அடித்தபின் மறுபடி அடிக்கக் காத்திருக்கும் நேரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கில்லை 10 செக்கனுக்கு ஒருமுறை அடிக்கலாம். கூல்டவுன் 50 சதவீதம் குறைந்தால் 5 செக்கன், அதாவது இரண்டு மடங்கு. 80 சதவீதம் குறைந்தால் 2 செக்கன், ஐந்து மடங்கு. 90 ஆனால் ஒரு செக்கன், பத்து மடங்கு. 80இலிருந்து 90க்குப் போகும் அந்தக் கடைசிப் 10 சதவீதம், அதுவரை சேர்த்த எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குகிறது. லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் என்ற கேம் பல வருடமாக இதற்கு 40 சதவீதத்தில் ஒரு தடை போட்டு வைத்திருந்தது. 2020 நவம்பரில் கணக்கையே மாற்றி, கூல்டவுன் குறைப்புக்குப் பதிலாக "ஹேஸ்ட்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 100 ஹேஸ்ட் இருந்தால் இரண்டு மடங்கு அடிக்கலாம், 200 இருந்தால் மூன்று மடங்கு. முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒரே அளவுதான் தரும். யாருடைய ஸ்கில்லையும் வெட்டவில்லை, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்கிற விதத்தை மட்டும் மாற்றினார்கள். நான் பார்த்த திருத்தங்களில் இதைவிடச் சுத்தமானது இல்லை.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் பழைய கவசக் கணக்கும் இந்த வகைதான். லெவல் 60 எதிரி அடிக்கும்போது, உங்கள் கவசப் புள்ளியை, அதோடு 5500ஐக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 5500 கவசம் என்றால் அடியில் பாதி குறையும், 11000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு குறையும், 16500 என்றால் முக்கால் பங்கு. அதற்கு மேல் விடமாட்டார்கள். பார்க்கிறவருக்கு லாபம் தேய்ந்துகொண்டே போவதுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு 5500க்கும் இன்னொரு முழு உயிர் கூடுகிறது. இரண்டு உயிர், மூன்று உயிர், நான்கு உயிர் என்று ஒரே சீராகப் போகிறது.

அதே விளையாட்டில் அடியை விலத்தும் வாய்ப்பு இப்படிச் சீராக வளரவில்லை. முன்னால் நின்று அடி வாங்குகிறவரை டேங்க் என்பார்கள். 90 சதவீதம் விலத்துகிற டேங்குக்குப் பத்தில் ஒரு அடி விழும். 95 ஆனால் இருபதில் ஒன்று. 5 சதவீதம்தான் கூடியது, விழுகிற அடி பாதியாகிவிட்டது. டேங்குகள் விலத்திக்கொண்டே போனால் கேமை உருவாக்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? பொஸ், அதாவது பெரிய எதிரி, அடிக்கிற அந்த ஓர் அடியை மலை மாதிரிப் பெரிதாக்குவார்கள். இரண்டு அடி தொடர்ந்து விழுந்தால் டேங்க் செத்துப்போவார், உயிர் ஏற்றும் ஹீலர் கை அசைக்கவும் நேரமிருக்காது. திறமையெல்லாம் போய் வெறும் அதிர்ஷ்டம் ஆகிவிடும். 2009 டிசம்பரில் ஐஸ்கிரௌன் கோட்டையைத் திறந்தபோது, அந்தக் கோட்டைக்குள் மட்டும் எல்லோருடைய விலத்தும் வாய்ப்பையும் 20 புள்ளி குறைத்துவிட்டார்கள். வேலை நடந்தது, ஆனால் முரட்டு வைத்தியம். இவ்வளவு பேருக்கு இவ்வளவு கிடைக்கும் என்று முன்பே யோசிக்காததன் கடனை ஒரே நாளில் வசூலித்தார்கள்.

இப்போது எங்கள் குழுவுக்கு வருகிறேன்.

மூதூர் அக்கா ஆசிரியை. பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு இரவு ஒன்பதரைக்கு வருவார். அவருடைய பாத்திரம் பொறி வைக்கும் வேட்டைக்காரி. நிலத்தில் ஒரு பொறி, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பொஸ் நகரும் வழியை முன்கூட்டியே கணித்து வைப்பார். மூன்றாவது பொறியில் அது மாட்டும்போது கால் கட்டுப்பட்டு, திரையில் பச்சை வளையம் ஒன்று விரியும். அந்த வளையத்துக்காகவே நாங்கள் எல்லோரும் காத்திருந்த காலம் உண்டு. அவருடைய பில்ட் (தேர்ந்தெடுத்த ஸ்கில்களின் தொகுப்பு) சூடுபிடிக்க ஒன்றரை நிமிடம் வேண்டும்.

தம்பியின் தீமழை முழுமையானதும், நாங்கள் ஐந்து பேரும் எங்கள் பஃப்களை அவன்மேல் போடத் தொடங்கினோம். ஹீலர் ஆசீர்வாதம், நான் அடிக்கும் போர்முரசு, கிண்ணியா நண்பர் போடும் பலவீனக் குறி, இன்னும் இரண்டு. அக்கா தன் பங்குக்கு ஒரேயொரு ஸ்கில்லை அழுத்திவிட்டு நின்றார். பொஸ் 40 செக்கனில் விழுந்தது. நாங்கள் கத்தி மகிழ்ந்தோம். அடுத்த கிழமையும் அப்படித்தான், அதற்கு அடுத்த கிழமையும். அக்காவின் இரண்டாவது பொறி வெடிக்கவே இல்லை. அவர் ஒருநாளும் குறை சொல்லவில்லை. முதலில் ஒரு கிழமை வரவில்லை, அப்புறம் இரண்டு கிழமை. பிள்ளைக்குச் சோதனை என்றார். காரணம் அதுமட்டும் இல்லை என்று எனக்கு விளங்கப் பல நாள் எடுத்தது.

உச்சத்தில் ஒரு சேர்க்கை அளவுக்கு மீறும்போது முதலில் நசுங்குவது பொஸ் இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆள். அதற்குப் பிறகு இன்னொன்றும் நடக்கும். பொஸ்கள் சுலபமாக விழுகின்றன என்று அடுத்த கோட்டையில் அவற்றின் உயிரைக் கூட்டுவார்கள். கூட்டுவது அந்தச் சேர்க்கையை அளவுகோலாக வைத்துத்தான். தீ மந்திரவாதி இல்லாத குழுக்களுக்கு அந்தக் கோட்டை பூட்டிய கதவு.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் பிளட்லஸ்ட் இதற்கு நல்ல பாடம். ஷாமன் என்ற பாத்திர வகை போடும் ஸ்கில் அது, 40 செக்கனுக்கு 30 சதவீத வேகம் தரும். 2007இல் வந்த விரிவாக்கத்தில் அது ஷாமன் இருக்கும் ஐந்து பேர் கொண்ட சிறு அணிக்கு மட்டும்தான் வேலை செய்தது. ஆனால் ஒருவர் போட்டு முடித்ததும் இன்னொரு ஷாமன் போடலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. பெரிய குழுக்கள் நிறைய ஷாமன்களைச் சேர்த்து, சண்டை நடுவிலேயே அணிகளை மாற்றி, வேகத்தைத் தொடர்ந்து ஓடவிட்டன. இடம் 25 பேருக்குத்தான். ஒரு ஷாமன் கூடினால் வேறு யாரோ ஒருவர் வெளியே இருக்க வேண்டும். 2008இல் செய்த திருத்தம் என்ன தெரியுமா? அந்த 30 சதவீதத்தைத் தொடவே இல்லை. பிளட்லஸ்டை முழுக் குழுவுக்கும் கொடுத்தார்கள், ஒருமுறை வாங்கியவர் மேல் திருப்தியடைந்தவர் என்று பொருள்படும் ஒரு குறியை ஒட்டினார்கள். குறி இருக்கும்வரை இரண்டாவது பிளட்லஸ்ட் ஒட்டாது. ஸ்கில் முன்னைவிடப் பெரியதாகியது, ஆனால் அது சேரும் இடத்தில் ஒரு கதவு வந்தது.

அதே விளையாட்டில் ஆளோடு ஆள் மோதும்போது மயக்கும் ஸ்கில்களுக்கும் இப்படி ஒரு கதவு வைத்தார்கள். முதல் தடவை முழு நேரம், இரண்டாம் தடவை பாதி, மூன்றாம் தடவை கால், அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்குப் பலிக்காது.

இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் கடற்கரைக் கிரிக்கெட்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் உப்புவெளிக் கரையில் விளையாடும்போது எங்களோடு ஒரு அண்ணா இருந்தார், அடித்தால் பந்து பனை உயரம் போகும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அவர் அடித்த பந்து கடலில் விழுந்தால் திரும்பி வராது, யாராவது நீந்திப் போய் எடுக்கும்வரை ஆட்டம் நின்றுவிடும். அவரை இடக்கையால் ஆடச் சொல்லவில்லை, சின்னத் துடுப்பும் கொடுக்கவில்லை. கடலுக்குள் அடித்தால் அவுட் என்று மட்டும் ஒரு சட்டம் போட்டோம். அவர் தன் முழுப் பலத்தையும் நிலத்துப் பக்கம் காட்டினார், மற்றவர்களுக்கும் பந்து கிடைத்தது. அந்தச் சட்டம் அவருடைய கையை வெட்டவில்லை. அவருடைய அடியும் கச்சானும் சேருகிற ஒரேயொரு திசையை மூடியது.

வேறு வழிகளும் இருக்கின்றன. கில்ட் வோர்ஸ் 2005இல் வந்தபோது லெவலை 20இலேயே நிறுத்தியது. நூற்றுக்கணக்கான ஸ்கில் இருந்தாலும் சண்டைக்குக் கொண்டுபோகக்கூடியது 8தான், அதிலும் உயர்தர ஸ்கில் ஒன்றே ஒன்று. எட்டு என்றால் சேர்க்கையின் கூரை தானாகவே தாழ்ந்துவிடும். ஈவ் ஒன்லைனில் பல திறன்கள் ஒரு படிக்கு 5 சதவீதம்தான் தரும், ஐந்து படியோடு முடிந்துவிடும். எளிய திறன் ஒன்றில் நான்காம் படிக்குச் சுமார் 45000 புள்ளி வேண்டும், ஐந்தாம் படிக்கு 256000. பழையவர் 25 சதவீதத்தில் நிற்கும்போது புதியவர் 20ஐ வெகு சீக்கிரம் பிடித்துவிடுவார். ரக்னரொக் ஒன்லைனில் துறவியின் அசுரா அடி கையிலிருக்கும் மந்திரசக்தி முழுவதையும் ஒரே வீச்சில் செலவழித்துவிடும். பிறகு கொஞ்ச நேரத்துக்கு அவர் வெறுங்கை. விலை ஸ்கில்லுக்குள்ளேயே இருக்கிறது, எத்தனை பேர் பஃப் போட்டாலும் அந்த விலை குறையாது.

எண்கள் பெருத்துக்கொண்டே போனால் கடைசியில் கணினியே தாங்காது. கழித்தல் எண்களுக்கும் இடம் விடுகிற 32 பிட் முழு எண்ணில் எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் 2,147,483,647. பொஸ்களின் உயிர் அந்த எல்லையை நெருங்கிய பிறகு, வோர்கிராஃப்டில் 2014இல் எல்லா எண்களையும் சுருக்கினார்கள். 2020இல் 120 வரை ஏறியிருந்த லெவலையும் 50க்கு இறக்கினார்கள். அது வேறு வைத்தியம், இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு வழியைப் பற்றி மட்டும் திருகோணமலையிலிருந்து விளையாடுகிறவனாகச் சொல்ல வேண்டும். பெரிய ஸ்கில் இருக்கட்டும், ஆனால் அதைப் பயன்படுத்துவது கஷ்டமாக இருக்கட்டும் என்பது சிலருடைய கொள்கை. எதிரி ஓங்கும் நேரத்தில் மிகச் சரியாக அழுத்தினால்தான் பலிக்கும், அதற்கு 0.3 செக்கன்தான் இடைவெளி என்று வைப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் விளையாடும் சேர்வர் சிங்கப்பூரில். இரவு ஒன்பது மணிக்கு போன் டேட்டாவில் தாமதம் 150 மில்லிசெக்கனைத் தாண்டும், மழை நாளில் இன்னும் மோசம். எதிரி ஓங்குவதே எங்களுக்குப் பிந்தித்தான் தெரியும், நாங்கள் அழுத்துவதும் அங்கே பிந்தித்தான் போய்ச் சேரும். 0.3இல் பாதி வழியிலேயே கரைந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருக்கு அது திறமையின் விலை. எங்களுக்கு அது தூரத்தின் விலை. கஷ்டத்தை விலையாக வைக்கிறவர்கள் இதை நினைக்க வேண்டும். அவசரத்தைக் கேட்காமல் யோசனையைக் கேட்கிற கஷ்டம் என்றால் எங்களாலும் கட்ட முடியும். அக்காவின் பொறிகள் அந்த வகைதான். எங்கே வைப்பது என்பதற்கு சிங்கப்பூரும் மூதூரும் ஒன்று.

தம்பியிடம் திரும்பினேன். அவனுடைய கணிதக் கொப்பியின் பின்பக்கத்திலேயே எழுதிப் பார்த்தோம்.

பழைய தீமழை 340. ஐந்து பஃப்பும் பெருகினால் 3.71 மடங்கு, ஆக 1260க்குக் கொஞ்சம் மேல். அளவுக்கு மீறியது அந்த எண்தான். நிறுவனம் ஸ்கில்லை 210க்கு வெட்டியது. 210ஐ 3.71ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 780. குழுச் சண்டைக்கு அது சரியான அளவுதான் என்று நினைக்கிறேன். பேட்ச்சுக்குப் பிறகு எங்கள் சண்டை இரண்டரை நிமிடம் எடுக்கிறது.

பிறகு மற்ற வழியையும் பார்த்தோம். ஸ்கில்லைத் தொடாமல் 340ஆகவே விட்டு, பஃப்கள் பெருகாமல் கூடட்டும் என்று மாற்றியிருந்தால்? ஐந்து முப்பது 150. மொத்தம் 2.5 மடங்கு. 340ஐ 2.5ஆல் பெருக்கினால் 850. கிட்டத்தட்ட அதே இடம்.

தம்பி கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப தனியப் போகேக்க?" என்றான். அதுதான் கேள்வி. தனியாகப் போகும்போது பஃப் போட யாரும் இல்லை. நிறுவனம் செய்த வழியில் 210, கூட்டுகிற வழியில் 340. குழுவில் வந்த பிரச்சினைக்காக, தனியாக விளையாடும் ஒவ்வொரு தீ மந்திரவாதியின் பலமும் 38 சதவீதம் குறைந்துவிட்டது. அந்தப் பிழையில் அவர்களுக்கு ஒரு பங்கும் கிடையாது. கூட்டுகிற வழியில் மற்றப் பாத்திர வகைகளின் கணக்கையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அது மாதக்கணக்கான வேலை, ஒரு எண்ணை மாற்றுவதோ ஒரு பின்னேர வேலை. அவசரத்துக்கு எண்ணை மாற்றியதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் செய்தால் காரணத்தை எழுத வேண்டும், இது தற்காலிகம் என்று சொல்ல வேண்டும், அந்த ஸ்கில்லுக்காகச் சேர்த்த பொருட்களை மாற்றிக்கொள்ள ஒரு வழியும் விட வேண்டும். ஒரே வரியில் முடிக்கக் கூடாது.

இந்தக் கணக்கை அப்படியே தட்டெழுதி, கருத்து அனுப்பும் பெட்டியில் போட்டோம். கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

போன வெள்ளி இரவு அக்காவுக்கு நான்தான் செய்தி அனுப்பினேன், இப்போது சண்டை நீளமாகப் போகிறது, வாருங்கள் என்று. ஒன்பதே முக்காலுக்கு வந்தார். இரண்டாவது நிமிடத்தில் மூன்றாம் பொறி பிடித்தது, பச்சை வளையம் விரிந்தது. தம்பி அந்த வளையத்துக்குள்தான் தீமழையைக் கொட்டினான். சண்டை முடிந்ததும் எல்லோருக்கும் குட்நைட் சொல்லிவிட்டு, தான் மட்டும் சுரங்கத்துக்குள் தனியாக இறங்கினான். முன்பு பத்து நிமிடத்தில் முடிக்கிற சுரங்கம் அது. கால் மணிநேரம் கழித்தும் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.